நீலப் பலகை மாட்டிய வீடு

பலகையில் இருந்த எழுத்து என்னுடையது. நீலப் பூச்சின் மேல் வெள்ளையில், 'மது அற்ற மாணவர் இல்லம்' என்று எழுதியிருந்தேன். பெயின்ற் கடைக்காரர் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஒரு முழுச் சனிக்கிழமையை அதற்குக் கொடுத்தேன். கடைசி எழுத்தை முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது வந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா வெருகலில் வயல் செய்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரலை வைக்கிறவர். பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தால் நான்தான் வாசித்துச் சொல்வேன். சொல்லி முடித்ததும் அப்பாவிடம் கேள்வியே இருக்காது. "எழுதிக் கிடக்குதெண்டால் சரிதானே" என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். எழுதியதெல்லாம் நடக்கும் என்று நம்புகிற ஒரு வீட்டில், எழுதத் தெரிந்த ஒரே ஆளாக நான் வளர்ந்தேன். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவனும் அவன் வீட்டில் முதல் ஆள்தான். திரியாய்க்காரன். தகப்பன் சிறிய படகு ஒன்றில் கடலுக்குப் போகிறவர். திருகோணமலை வளாகத்தில் எங்கள் வகுப்பில் கணக்கு என்றால் அவன்தான். விரிவுரையாளர் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே விடையை முணுமுணுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல யன்னலுக்கு வெளியே பார்ப்பான். முதலாம் வருடத்தில் யாரோ ஊற்றிக் கொடுத்ததில் தொடங்கிய குடி, இரண்டாம் வருடத்தில் வாரத்துக்கு மூன்று நாளாகியிருந்தது. அப்படியான ஒரு நாளில் வளாக விடுதியின் கண்ணாடி யன்னலை உடைத்தான். விடுதியிலிருந்து நீக்கினார்கள். வீட்டுக்கும் ஒரு கடிதம் போனது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவனுடைய வீட்டில் அதை வாசிக்க ஆளில்லை. ஊரில் வேறு யாரிடமும் காட்டவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. தகப்பன் அதைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நான் தமிழில் சொன்னேன். இன்னொரு முறைப்பாடு வந்தால் ஒரு வருடம் இடைநிறுத்தம். தகப்பன் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். கடைசியில், "தம்பி, அவன் படிச்சு முடிச்சாக் காணும். எங்களுக்கு வேற ஒண்டும் வேண்டாம். நீங்கள் கொஞ்சம் பக்கத்தில நிண்டு பாருங்கோ" என்றார்.

"ஓம் ஐயா" என்றேன்.

அவனை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். உள்துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கையில் இருந்தது நான் தங்கியிருந்த, அறையும் சாப்பாடும் தருகிற போடிங் வீடு. கேற்றைத் திறந்தால் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்ணீர் தெரியும். வீட்டுக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். வளாகத்துப் பொடியன்கள் எல்லோருக்கும் அவர் 'அக்கா'.

அந்த நாள்களில்தான் மாணவர் நலனுக்குப் பொறுப்பாயிருந்த சேர், வளாகமும் ஊரும் சேர்ந்து ஒரு கூட்டுக்குழு அமைக்க வேண்டும் என்று புறப்பட்டார். குடிக்கிற மாணவர்களை வளாகத்துக்குள் வைத்து மட்டும் திருத்த முடியாது. அவர்கள் தங்குவது ஊரில், குடிப்பது ஊரில், விழுவதும் ஊரில் என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். போடிங் வீட்டுக்காரர், ஓட்டோச் சாரதிகள், கோயிலிலிருந்து ஒருவர், பள்ளிவாசலிலிருந்து ஒருவர், சுகாதாரப் பரிசோதகர் என்று பலரைக் கூப்பிட்டார். மாணவர் பக்கத்தில் ஒரு செயலாளர் வேண்டும் என்றபோது நான் கை உயர்த்தினேன். அவனுக்காகத்தான் உயர்த்தினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனோ அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, 'செயலாளர்' என்றே கூப்பிடத் தொடங்கினான்.

முதல் கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள், கடிக்கப் பற்றிஸ், குடிக்கப் பிளேன்ரீ. சுகாதாரப் பரிசோதகர் ஈரலின் படத்தைக் காட்டி நீண்ட நேரம் பேசினார். பிறகு, பின்வரிசையில் இருந்த கிண்ணியாக்காரர் ஒருவர் எழுந்தார். பாலத்தைத் தாண்டி ஒவ்வொரு நாளும் தன் ஓட்டோவைக் கொண்டுவந்து பஸ் நிலையத்தடியில் நிறுத்துகிறவர். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை 'நானா' என்பார்கள்.

"சேர், இந்தப் பிள்ளயளக் குடிக்க வேணாமெண்டு சொல்லி நிப்பாட்ட எனக்கு ஏலாது. நான் சொன்னாக் கேப்பாங்களா? என்ட மகனே கேக்கிறானில்ல. ஆனா போனில கோல் எடுத்தா, எங்க கிடந்தாலும் ஏத்திக் கொண்டுபோய் வீட்டில விட ஏலும்."

அக்கா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"கொண்டு வாங்கோ நானா. கதவு திறக்கிறது நான். விடிய எழுப்பி ஏசுறதும் நான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு ஒரு ஏற்பாடு உருவாகிவிட்டது. நானாவின் இலக்கம் பொடியன்களின் போன்களில் ஏறியது. அப்படி வீடு வந்து சேருகிறவனைப் பற்றி வளாகத்துக்கு முறைப்பாடு போகாது என்று சேரும் ஒப்புக்கொண்டார். எதையும் யாரும் எழுதவில்லை. செயலாளரான எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

ஆனால் காரியம் நடந்தது. அவன் தள்ளாடி வருகிற நாளில் நானா ஒழுங்கை முனையிலேயே ஹோர்ன் அடிப்பார். அக்கா கேற்றைத் திறப்பார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை ஏசமாட்டார். தண்ணீர் கொடுத்துப் படுக்கவிடுவார். விசாரணை காலையில்தான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு குசினிப் படியில் உட்கார்ந்திருப்பான். அக்கா அவன் கையில் மல்லித்தண்ணியைக் கொடுத்துவிட்டுத் தேங்காய் துருவுவார்.

"என்ன துரை, நேற்றுக் கப்பல் கரை தட்டிப்போச்சோ?"

"சத்தம் போடாதேங்கோ அக்கா. தலை இடிக்குது."

"இடிக்கட்டும். உன்ர கொப்பர் இப்ப கடலுக்க நிண்டு வலை இழுக்கிறார். நீ இஞ்ச இருந்து தலையைப் பிடி. இண்டைக்கு உனக்கு இடியப்பம் இல்லை. சொதி மட்டும் குடி."

சொல்லிவிட்டு இடியப்பமும் வைப்பார். அவன் குனிந்தபடி சாப்பிடுவான். ஒவ்வொரு துருவலுக்கும் ஒரு ஏச்சு. தகப்பனிலிருந்து தொடங்கி, தாயின் கண்ணீரைத் தொட்டு, "எந்தப் பெட்டை உன்னைக் கட்டுவாள்?" என்பதில் வந்து முடியும். ஒரு நாள் அவன் என்னிடம் சொன்னான்:

"செயலாளர், அக்கான்ர வாயை நினைச்சுத்தான் நேற்று ரெண்டு கிளாசோட எழும்பி வந்தனான்."

வாரத்துக்கு மூன்று நாள் என்பது ஒரு நாளாகியது. பிறகு ஒரு மாதம் முழுக்க நானாவின் ஹோர்ன் கேட்கவில்லை. ஈரலின் படம் செய்யாததை அந்தக் குசினிப் படி செய்துகொண்டிருந்தது. அதை அப்போது நான் கண்டிருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் இருந்தேன், காணவில்லை.

சேருக்கு மேலிடத்துக்குக் காட்ட ஏதாவது தேவைப்பட்டது. "தம்பி, வேலை நடக்குது, ஆனால் என்ன நடக்குதெண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது? படம் எடுக்கக்கூடியதாக ஒண்டு யோசியுங்கோ" என்றார். குசினிப் படியைப் படம் எடுக்க முடியாதுதானே. நான் இரண்டு நாள் யோசித்துப் பலகையைக் கண்டுபிடித்தேன். குடிக்கு இடமில்லாத போடிங் வீடுகளுக்கு வளாகத்தின் சார்பில் ஒரு பலகை. கூடவே ஒரு நிபந்தனைத் தாள். அதையும் நானே எழுதினேன்: குடித்த நிலையில் வரும் எவரையும் உள்ளே அனுமதித்தால் பலகை அகற்றப்படும். எழுதும்போது எனக்கு அவன் நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அவன்தான் நிறுத்திவிட்டானே என்று நினைத்தேன். ஒரு மாதச் சத்தமின்மையை வைத்து அப்படி முடிவு கட்டினேன்.

முதல் பலகை அக்காவின் கேற்றுக்குத்தான் போனது. அக்கா சேலை உடுத்துப் பூ வைத்துப் படத்துக்கு நின்றார். அவருக்கு அது வீட்டுக்குக் கிடைத்த மரியாதை. வெள்ளிக்கிழமைகளில் பலகையை ஈரத்துணியால் துடைத்து, ஓரத்தில் ஒரு செவ்வரத்தம்பூ செருகினார். எங்கள் நகரத்தில் மான்கள் தெருவில் திரியும். ஒன்று வந்து, கழுத்தை நீட்டி அந்தப் பூவைத் தின்றுவிட்டுப் போகும்.

"பார் செயலாளர், இது வெறியில்லாத வீடெண்டு மானுக்கும் தெரிஞ்சிட்டுது" என்றான் அவன்.

ஒழுங்கையில் இன்னும் மூன்று வீடுகளுக்குப் பலகை வந்தது. எதிர்வீட்டுக்காரி முதலில் "பலகை போட்டால் சோறு கூடுதலாப் போடுவினமோ?" என்று நக்கலடித்தவர், பிறகு தானும் கேட்டு வாங்கினார். பிள்ளைகளுக்கு இடம் தேடி வருகிற பெற்றோர், "பலகை இருக்கிற வீடோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்காவும் எதிர்வீட்டுக்காரியும் ஒருவர் கேற்றை ஒருவர் பார்க்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம் நானாவின் ஹோர்ன் கேட்டது. நெடுநாளைக்குப் பிறகு. நான் யன்னலடி மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். ஓட்டோ கேற்றடியில் நின்றது. அக்கா போனார், ஆனால் கேற்றைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"அக்கா, கொஞ்சம்தான்."

"கொஞ்சமோ கனக்கவோ, மணக்குது. அங்க எதிர்வீட்டு யன்னலுக்க அவள் நிக்கிறாள். பலகை போயிடும் தம்பி."

"அப்ப நான் எங்க போறது?"

"கடற்கரையில கொஞ்ச நேரம் இருந்து தெளிஞ்சிட்டு வா. சோறு மூடி வைக்கிறன்."

நானா ஓட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, பிள்ளய வெளியில நிப்பாட்டுறிங்க?"

"நான் என்ன செய்ய நானா? எழுதிப் போட்டிருக்கு."

அக்காவின் குரலில் வருத்தம் இருந்தது. அவர் உள்ளே ஓடிவந்து தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து, ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டுபோய்க் கேற்றுக் கம்பிக்கிடையால் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு என் யன்னலைப் பார்த்தான்.

"செயலாளர்! உள்ள நிக்கிறீரோ?" என்று சிரித்தபடி கத்தினான்.

நான் எழும்பவில்லை. எழுந்து போனால் என்ன சொல்வது? நிபந்தனைத் தாளை எழுதியவனே கேற்றைத் திறந்துவிட்டால் நாளைக்கு எந்த வீடு அதை மதிக்கும்? அப்படித்தான் யோசித்தேன். அக்கா செய்ததுதான் சரி என்றும், ஒரு நாள் வெளியே இருந்தால் அவனுக்குப் புத்தி வரும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. குடித்தால் ஒழுங்கை முடிவில் இருந்த பழைய இறங்குதுறைக்குப் போய், தெளியும்வரை இருந்துவிட்டு நடந்து வருவான். முகம் கழுவி, தலை சீவி, நல்ல பிள்ளையாக வருவான். அக்கா சோற்றை எடுத்து வைப்பார். காலையில் ஏச்சு இல்லை. தெளிந்து வீட்டுக்கு வந்தவனை எப்படி ஏசுவது? குசினிப் படியில் அவன் உட்காருவது நின்றது. எத்தனை நாள் குடிக்கிறான் என்பது யாருக்கும் தெரியாமல் போனது, அக்காவுக்கும் எனக்கும்கூட.

அடுத்த கூட்டத்தில் நானா எழுந்து கேட்டார்.

"சேர், பலகை போட்ட வீட்டுக்குக் கொண்டுபோனா உள்ள எடுக்கிறாங்க இல்ல. பலகை போடாத வீடு இப்ப இல்ல. அப்ப நான் இந்தப் பிள்ளயள எங்க கொண்டுபோய் இறக்கிற? கடலிலயா?"

கூட்டம் சிரித்தது. சேரும் சிரித்தார். கோயிலிலிருந்து வந்தவர், "நானா, மீனுக்கும் வெறி பிடிச்சிடும்" என்றார், சிரிப்புக் கூடியது. நானா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார். அக்கா குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

என் மடியில் கூட்ட அறிக்கைக் கொப்பி இருந்தது. நானா சொன்னதை எழுதினால் அது பலகைக்கு எதிரான ஒரு வரியாகக் கிடக்கும். நான் இப்படி எழுதினேன்: 'மாணவர் போக்குவரத்துத் தொடர்பாகவும் கலந்துரையாடப்பட்டது.'

அந்தத் தவணையின் கடைசிப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை மத்தியானத்தோடு முடிந்தது. காலையில் புறப்படும்போது அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி கேட்டான்:

"பின்னேரம் நீ வீட்டில நிப்பியா மச்சான்?"

அன்றைக்கு 'செயலாளர்' என்று சொல்லவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"ஏலாது. வருடாந்த அறிக்கை எழுதி முடிக்கோணும். நூலகத்தில இருப்பன்."

"சரி, சரி. எழுது."

பரீட்சை முடிந்த கையோடு வகுப்புப் பொடியன்கள் சேர்ந்து குடித்தார்கள். மூன்று மணி போல அவன் நானாவுக்குக் கோல் எடுத்திருக்கிறான். நானா வந்து ஏற்றிக்கொண்டு, எங்கே விட என்று கேட்டிருக்கிறார். "துறையடியில விடுங்க நானா, தெளிஞ்சிட்டு நடந்து போறன்" என்றிருக்கிறான். நானா கொஞ்ச நேரம் அவனோடு நின்று பார்த்திருக்கிறார். அதற்குள் வேறொரு கோல் வந்துவிட்டது. தன் தண்ணீர்ப் போத்தலை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வெயில் கொளுத்துகிற கச்சான் காற்றுக் காலம். இறங்குதுறையில் நிழல் இல்லை. அவன் நிழல் தேடியோ வேறு எதற்கோ எழும்பியிருக்க வேண்டும். உக்கிப்போன பலகை ஒன்று காலடியில் முறிந்து, கீழே கல்லுக்கும் பழைய இரும்புக்கும் நடுவில் விழுந்தான். தண்ணீர் முழங்காலளவுதான். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கண்டு தூக்கினார்கள். ஓட்டோ தேடி ஓடிய ஒருவர் சந்தியில் பிடித்தது நானாவைத்தான். அவர் அந்தக் கோலை முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

நூலகத்தில் என் போன் அதிர்ந்தது.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒங்கட கூட்டாளி." பிறகு அவர் சொன்னதை நான் கேட்க விரும்பவில்லை. "நான்தான் கொண்டுபோய் அங்க இறக்கின. நான்தான் இறக்கின."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தொடையிலும் இரண்டு முறிவு. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். திரியாயிலிருந்து தகப்பன் முதல் பஸ்ஸில் வந்தார். அவசரத்தில் வந்ததில் சேட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்கள் சாப்பிட்டனீங்களோ தம்பி?" என்று கேட்டார்.

பொது இடத்தில் குடித்து விழுந்த மாணவன் என்று வளாகத்துக்கு முறைப்பாடு போனது. சேரிடம் ஓடினேன். நானாவோடு வந்தவனை முறையிடுவதில்லை என்று நாம் பேசியிருந்தோமே என்றேன்.

"அது வீட்டுக்கு வந்து சேருறவைக்குத்தானே தம்பி" என்றார் சேர். அவர் கெட்ட மனிதர் அல்ல. சொல்லும்போது அவருக்கும் முகம் வாடியிருந்தது. "அவன் வீட்டுக்கு வரேல்லையே. அதோட அந்த ஏற்பாடு எழுத்தில எங்கயும் இல்லை."

ஒரு வருட இடைநிறுத்தம். இந்த முறையும் அந்தக் கடிதத்தை நான்தான் போனில் தமிழாக்கிச் சொன்னேன்.

வருடாந்த அறிக்கையையும் நான்தான் முடித்துக் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியம் இருந்தது: 'பலகை பெற்ற வீடுகள் எதிலிருந்தும் இவ்வருடம் எவ்வித முறைப்பாடும் கிடைக்கவில்லை.' அது உண்மை. அதை வெட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த அறிக்கை நன்றாயிருக்கிறது என்று மேலிடத்திலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில் வழக்கம்போலச் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்தேன். 'போக்குவரத்துத் தொடர்பாகவும்' என்ற இடம் வந்ததும் நானா தலை நிமிர்ந்தார்.

"நான் சொன்னது அதில இல்லயே தம்பி."

அவர் குரலில் கோபம் இல்லை. ஓட்டோவில் மறந்துவிட்ட பையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் எழுத ஏலாதுதானே" என்றார் சேர் மெதுவாக. நான் வாயைத் திறந்திருக்கலாம். திருத்தம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நானா அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. பஸ் நிலையத்தடியில் என்னைக் கண்டால் தலையசைப்பார். பொடியன்கள் கோல் எடுத்தால் இப்போதும் போகிறார் என்று கேள்வி.

அக்கா ஒரு காலையில் தேங்காய்க் கத்தியால் நெம்பிப் பலகையைக் கழற்றினார். எதிர்வீட்டுக்காரி தன் கேற்றடியில் நின்று பார்த்தார். அக்கா அதை என் மேசையில் வைத்தார்.

"இந்தாங்கோ தம்பி, உங்கட சாமான்."

என்னை அவர் 'நீ' என்று கூப்பிடுகிறவர். அன்றிலிருந்து 'நீங்கள்' ஆகிவிட்டேன். என்னையும் ஒருநாள் குசினிப் படியில் உட்காரவைத்து, தகப்பனிலிருந்து தொடங்கி ஏசமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடியப்பம் வைப்பார், சொதி ஊற்றுவார், போய்விடுவார். பட்டம் முடித்து அந்த வீட்டைவிட்டு வெளிக்கிடும்வரை அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை.

இடைநிறுத்தம் முடிந்தும் அவன் திரும்பி வரவில்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வளாகத்து மாடிப்படிகளை நினைத்தால் வெறுப்பாயிருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தான். காரணம் படிகள் அல்ல என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகுதான் திரியாய்க்குப் போகிற துணிவு வந்தது. அதுவும் இரண்டு முறை பஸ் நிலையம்வரை போய்த் திரும்பிய பிறகு.

முற்றத்து வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்து, மீன் வாங்கி விற்கிற வாடிக்காரர் ஒருவருடைய நிறைக் கணக்கைக் கொப்பியில் கூட்டிக்கொண்டிருந்தான். பென்சில் தாளில் நிற்காமல் ஓடியது. அதே வேகம். தகப்பன் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுத் துடைத்துவிட்டார்.

"வாங்கோ செயலாளர்" என்றான். "பலகை எல்லாம் சுகமோ?"

"அக்கா கழட்டிட்டா."

"தெரியும். அவ மாதத்தில ஒருக்கா கோல் எடுத்து ஏசுறவ. இப்பவும் கொப்பரில இருந்துதான் தொடங்குறவ." சிரித்தான். "இப்ப ஏசுறதுக்கு ஒண்டும் இல்லை மச்சான். விட்டு இரண்டு வருசம். அவ பழக்கத்தில ஏசுறா."

தகப்பன் தேத்தண்ணி எடுத்துவர உள்ளே போனதும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நானா கூட்டத்தில் கேட்டதை, எல்லோரும் சிரித்ததை, நான் அதை எழுதாமல் விட்டதை, பிறகும் திருத்தாமல் விட்டதை. பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த அதே வரிசையில் சொன்னேன். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் பலகைத் திட்டமே நின்றுபோயிருக்கும், நீ இன்றைக்குப் பட்டதாரி என்றேன்.

அவன் பென்சிலைக் கொப்பிக்குள் வைத்து மூடினான். வேலிப் படலைப் பக்கம் பார்த்தான்.

"நீ எழுதினதையும் நான் வாசிக்கேல்ல, எழுதாததையும் வாசிக்கேல்ல" என்றான். "அண்டைக்கு நான் கூப்பிட்டனான். உள்ள லைற் எரிஞ்சது. உன்ர தலை தெரிஞ்சது. நீ கதவு திறக்க வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கேற்றடிக்கு வந்து அந்தப் பக்கத்தில நிண்டிருந்தாக் காணும்."

 மன்னிப்புக் கேட்க வந்த நான், எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதையே பிழையாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

தகப்பன் தேத்தண்ணியோடு வந்தார். கடலில் மீன் இல்லாததைப் பற்றிப் பேசினோம். என் அப்பாவின் வயலைப் பற்றிக் கேட்டார். பஸ் வரும் நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது, அவனும் கதிரையின் பிடியை ஊன்றி எழும்பினான்.

"நீ இரு, நான் போறன்" என்றேன்.

"இல்லை, படலைவரைக்கும் வாறன்."

முற்றம் பெரிதில்லை. ஆனால் அவனுக்கு நேரம் எடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை ஒரு பக்கம் சரித்து, அடுத்த காலைக் கொண்டுவந்து வைத்தான். கை கொடுக்க நீட்டினேன், அவன் பிடிக்கவில்லை. பஸ்ஸின் ஹோர்ன் எங்கோ தூரத்தில் கேட்டது. நான் அவசரப்படவில்லை. அவனோடு சேர்ந்து நடந்தேன். படலைக்கு வந்ததும் அவன் கட்டையைப் பிடித்தபடி உள்பக்கம் நின்றான். நான் வெளியே இறங்கித் தெருவில் நடந்து, வளைவில் திரும்பிப் பார்த்தேன். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.